சீப்பு மணக்கிறது

ரங்கசாமி தலையைச் சீவியிருந்தால் இந்த வம்பே வந்திருக்காது. அவர் மீசையைச் சீவினார்.

தலையில் சீவ ஒன்றும் மிச்சமில்லாத மனிதர் வேறு என்ன செய்வார்? போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு மலையேறும் தனியார் பஸ்ஸுக்கு அவர்தான் டிரைவர். மதியம் மேலே போய்ச் சேர்ந்ததும் வண்டி நாற்பது நிமிஷம் நிற்கும். அந்த நேரத்தில் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, போன மாதம் கண்டக்டர் பஞ்சாட்சரம் செதுக்கிக் கொடுத்திருந்த மரச்சீப்பால் மீசையை இரண்டு பக்கமும் இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார். மூன்றாவது இழுப்பில் கை நின்றது. சீப்பை மூக்குக்கு நேராகப் பிடித்தார்.

"பஞ்சு, இது இன்னா மரம்?"

கடைசி சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்து ஒரு கட்டையைச் சுரண்டிக்கொண்டிருந்த பஞ்சாட்சரம் நிமிரவில்லை. "நல்ல மரம்ணா" என்றார்.

"நல்ல மரந்தான். சந்தன வாசன வருது, அதான் கேட்டேன்."

பஞ்சாட்சரத்தின் கத்தி வழுக்கிக் கட்டைவிரலில் இறங்கியது. விரலை வாயில் வைத்துக்கொண்டே எழுந்து ஓடி வந்தார். சீப்பை வாங்கி மோந்து பார்த்தார். வாசனை வந்தது. சந்தேகமே இல்லாமல் வந்தது.

ஜவ்வாது மலையில் சந்தனம் என்ற சொல்லைக் கோயிலுக்குள்தான் உரக்கச் சொல்ல முடியும். வெளியே சொன்னால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். சந்தன மரத்துக்குப் பேர்போன மலை. அதை வெட்டியதற்காக உள்ளே போனவர்களின் கதை ஊருக்கு ஊர் உண்டு. மலையடிவாரத்தில் வனத்துறைச் சோதனைச்சாவடி இருக்கிறது. மேலே மூன்று, கீழே மூன்று என்று தினம் ஆறு தடவை பஞ்சாட்சரம் அதைக் கடந்தாக வேண்டும்.

பஞ்சாட்சரத்துக்கு வயது நாற்பத்தாறு. ஊரடங்கில் பஸ் ஓடாமல் கிடந்த மாதங்களில் பிடித்துக்கொண்ட கிறுக்கு இது. போனில் எதை எதையோ தள்ளிக்கொண்டே போனவர், கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த ஒரு சீப்பின் படத்தில் நின்றுவிட்டார். மண்ணைத் தோண்டி எடுத்த தந்தச் சீப்பு. ஒரு பக்கம் அகலப் பல், மறுபக்கம் நெருக்கப் பல். எந்தக் காலத்திலோ எவளோ ஒருத்தி பேன் வாரிய சீப்பு இன்னும் முழுசாக இருக்கிறது. தன் சட்டைப்பையில் இருக்கிற பிளாஸ்டிக் சீப்போ ஆறே மாதத்தில் பாதிப் பல்லை உதிர்த்துவிடுகிறது. இந்த அநியாயம் அவரை உறுத்தியது. மறுநாளே ஒரு கட்டையையும் ரம்ப பிளேடையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அன்றிலிருந்து பழைய காலத்து வடிவங்கள்தான் செய்வார். இரண்டு பக்கப் பல் வைத்த சீப்பு, நடுவில் முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு பறவைகள். யாராவது கைப்பிடி வைத்த சீப்பு கேட்டால், "அது நேத்து வந்தது" என்று மறுத்துவிடுவார். சீப்பு சலித்தால் மரவை குடைவார். மரவை என்றால் ஒரே கட்டையைக் குடைந்து எடுக்கிற அந்தக் காலத்து மரக்கிண்ணம். அதற்கென்றே ஒடுகத்தூர்க் கொல்லரிடம் சொல்லி ஒரு கத்தியின் நுனியை வளைத்து வாங்கியிருந்தார். இவ்வளவு செய்தாலும் மரங்களில் அவருக்குத் தெரிந்தவை இரண்டே ரகம்: கத்திக்கு இணங்குவது, இணங்காதது. வேறு பேதம் அவர் பார்த்ததில்லை.

செய்ததை விற்கமாட்டார். பிடித்தவர்களுக்குக் கொடுத்துவிடுவார். இப்போது வினையே அதில்தான் இருந்தது.

அந்த ஒரே மரத்தில் மூன்று சாமான் செய்திருந்தார். முதலாவது, ரங்கசாமியின் மீசைக்கு வந்த இந்தச் சீப்பு. இரண்டாவது, பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் ராணியம்மாளுக்குக் கொடுத்த மரவை. அதில் அவள் சர்க்கரை போட்டு வைத்திருந்தாள். மூன்றாவதை நினைத்தபோது பஞ்சாட்சரம் பஸ் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மஞ்சுளா டீச்சர் அடிவாரத்துப் பள்ளிக்கூடத்தில் சரித்திரப் பாடம் எடுக்கிறவர். தினம் இவர் பஸ்ஸில்தான் போய் வருவார். பழைய சீப்புகளைப் பற்றிப் பேசினால் கொட்டாவி விடாமல் கேட்கிற ஒரே பயணி. அந்த மரியாதைக்காக ஒரு சீப்பு கொடுத்திருந்தார். மஞ்சுளாவின் கணவர் வெற்றிவேல். ஜமுனாமரத்தூரில் வனவர். வனத்துறைக்காரர் வீட்டுக்குச் சந்தனச் சீப்பைத் தன் கையாலேயே கொடுத்தனுப்பி, "வெச்சிக்கோங்க டீச்சர்" என்று பல்லைக் காட்டிச் சிரித்தும் இருக்கிறார்.

ரங்கசாமி சீப்பைத் தேளைத் தள்ளுவது போல டேஷ்போர்டில் தள்ளிவிட்டார். "எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா. நீ குடுத்த, நான் சீவினேன். கேட்டா இததான் சொல்வேன்" என்றார். பதினாலு வருஷமாகப் பஞ்சாட்சரத்தோடு ஒரே வண்டியில் ஓடுகிற மனிதர் அவர்.

அந்தக் கட்டையைக் கொடுத்தவன் சடையன். மலைமேல் சாமையும் புளியும் வைத்திருக்கும் விவசாயி. இரண்டு மாதத்துக்கு முன் ஒரு சாக்கில் நாலு துண்டு மரத்தைக் கொண்டுவந்து பஞ்சாட்சரத்தின் காலடியில் போட்டு, உனக்குத்தான் கட்டை பிடிக்குமே என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். மறுநாள் சந்தை நாள். சடையன் பஸ்ஸை விட்டு இறங்கியதும் பஞ்சாட்சரம் அவனை வண்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, குரலை இறக்கி, அந்தக் கட்டை எங்கேயிருந்து வந்தது என்று கேட்டார்.

சடையனும் இரண்டு பக்கமும் பார்த்தான். அவன் குரலும் இறங்கியது.

"இன்னா கட்ட?"

"நீ குடுத்தியே, சாக்குல."

"நான் ஒண்ணும் குடுக்கல கண்டக்டரே. எனுக்கு ஒண்ணும் தெரியாது. யாரு கேட்டாலும் அப்படியே சொல்லிடு."

சொன்னவன் நடந்த நடையில், கொண்டுவந்த புளிக்கூடையைப் பஸ்ஸிலேயே மறந்துவிட்டுப் போனான். பஞ்சாட்சரத்துக்கு மிச்சமிருந்த கொஞ்ச நஞ்ச நம்பிக்கையும் அந்தக் கூடையைப் பார்த்ததோடு போயிற்று. தப்புச் செய்யாதவன் எதற்குக் கேட்கிறாய் என்றல்லவா கேட்டிருப்பான்?

முதல் வேலையாக ரங்கசாமியின் சீப்பை ஒழித்துவிட வேண்டும் என்று முடிவு செய்தார். தூக்கி எறிந்தால் யாராவது எடுப்பார்கள். எரித்துவிட்டால் சாம்பல்தான். ராணியம்மாளின் கடையில் விறகு அடுப்பு. அவள் பால் எடுக்க உள்ளே போன நேரத்தில் பஞ்சாட்சரம் சீப்பை அடுப்புக்குள் செருகிவிட்டு, டீ குடிக்க வந்தவர் போலப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

அரை நிமிஷம் ஒன்றுமில்லை. பிறகு அடுப்பிலிருந்து மெல்லிய புகை கிளம்பிக் கடை முழுக்கப் பரவியது. பெஞ்சில் இருந்த இரண்டு பேர் பேச்சை நிறுத்தினார்கள். ஒருவர் இன்றைக்கு என்ன விசேஷம் என்று கேட்டார். ராணியம்மாள் பால் பாத்திரத்தோடு வெளியே வந்து, சுவரில் மாட்டியிருந்த முருகன் படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. காக்கி உடுப்பில் வெற்றிவேல் இறங்கி உள்ளே வந்தார்.

"இன்னாக்கா, கடை கோயிலாட்டம் மணக்குது?"

ராணியம்மாளுக்கும் தெரியவில்லை. பஞ்சாட்சரம்தான் முந்திக்கொண்டு, "ஊதுவத்தி சார்" என்றார்.

"எங்க?"

எங்கேயும் இல்லை. வாங்கி வர இப்போதுதான் கிளம்பினேன் என்று சொல்லி எழுந்து பக்கத்துப் பெட்டிக்கடைக்கு ஓடி, ஒரு பாக்கெட் ஊதுவத்தியை முழுசாகக் கொளுத்தி ஒரு வாழைப்பழத்தில் செருகிக் கொண்டுவந்து வைத்தார். அது மல்லிகை ஊதுவத்தி. வெற்றிவேல் நாலு தடவை தும்மினார். டீயை வெளியே எடுத்துக்கொண்டு போய்க் குடித்துவிட்டு வண்டியை எடுக்கிறபோது, நினைவு வந்தவராகத் திரும்பினார்.

"உங்க சீப்ப டீச்சர் காட்டுனாங்க கண்டக்டரே. ரேஞ்சர்கிட்ட காட்டணும்னு ஆபீஸ்க்கு எடுத்துனு போயிருக்கேன்."

பஞ்சாட்சரம் தலையை ஆட்டினார். அந்த ஆட்டம் வண்டி மலையிறங்கி முடிக்கிற வரைக்கும் நிற்கவில்லை. ரேஞ்சரிடம் காட்டுவது என்றால் என்ன அர்த்தம்? சட்டென்று பிடிக்காமல் சாட்சியைச் சேர்க்கிறார்கள். நிதானமாக விசாரிக்கிறார்கள். சிரித்த முகத்தோடு பேசுவதுகூட அவர்கள் பயிற்சியில் சொல்லிக் கொடுப்பதாக இருக்கும்.

அதற்குப் பிறகு அவரால் ஒரு இடத்தில் நிற்கவோ உட்காரவோ முடியவில்லை. பஸ்ஸுக்குள் முன்னும் பின்னும் நடந்துகொண்டே இருந்தார். தாடி வைத்த கிழவர் ஒருவருக்கு அரை டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். யாரும் இறங்காத வளைவில் விசில் ஊதி, பள்ளத்தின் ஓரமாக வண்டியை நிறுத்தவைத்து ரங்கசாமியிடம் வசவு வாங்கினார். சோதனைச்சாவடி வந்ததும் சீட்டுக்கு அடியில் குனிந்து ஷூ லேஸ் கட்டுவது போல பாவனை செய்தார். அவர் போட்டிருந்தது ரப்பர் செருப்பு. வீட்டில் மோர் சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டதைப் பார்த்து மனைவி தேவயானி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

இரண்டு நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். கொடுத்ததைச் சும்மா திருப்பிக் கேட்டால் சந்தேகம் வரும். அதே அளவில் புதிதாகச் செய்து மாற்றிக் கொடுத்துவிட வேண்டும். முன்னதில் பிசகு இருந்தது, இது சரியானது என்று சொன்னால் போதும். ஆனால் புதியது செய்கிற மரத்தில் எந்த வாசனையும் இருக்கக் கூடாது. மருந்துக்குக்கூட இருக்கக் கூடாது.

இப்படியாக ஜமுனாமரத்தூரில் பஞ்சாட்சரம் மரம் மோப்பம் பிடிக்கிற காலம் தொடங்கியது. தச்சுப் பட்டறையில் வேப்பம்பலகையை மோந்து பார்த்தார், கசந்தது. மாம்பலகையில் புளித்த நெடி. பலாவில் ஏதோ தித்திப்பு. மின்கம்பத்துக்குப் பக்கத்தில் கிடந்த தேக்குச் சட்டத்தை நாலு காலில் குனிந்து மோந்துகொண்டிருந்தபோது பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் சன்னல் வழியே பார்த்தார்கள். கொரோனா வந்து கண்டக்டருக்கு மோப்பம் போய்விட்டது, இப்போதுதான் திரும்பி வருகிறது என்று பேச்சு கிளம்பியது. ஒரு அம்மாள் இரக்கப்பட்டு, மோந்து பார்க்கச் சொல்லி ஒரு துண்டுப் பெருங்காயம் கொடுத்தாள். அதை மோந்ததில் அரை நாள் வேறெதுவும் மோக்க முடியவில்லை.

கடைசியில் கிடைத்தது ராணியம்மாளின் விறகுக் குவியலில். காட்டில் விறகு பொறுக்குகிற பெண்கள் தலைச்சுமையாகக் கொண்டுவந்து போடுகிற குவியல். அதில் கையகலத்துக்கு ஏழெட்டுத் துண்டுகள், ஒரு பக்கம் பட்டையோடு, மறுபக்கம் கோடாலியால் செதுக்கித் தள்ளியது போலக் கிடந்தன. வெளேரென்று இருந்தன. பஞ்சாட்சரம் ஒன்றை எடுத்து மோந்தார். ஒன்றுமில்லை. எச்சில் தொட்டுத் தேய்த்து மோந்தார். ஒன்றுமில்லை. ஓரத்தைக் கடித்துக்கூடப் பார்த்தார். தண்ணீருக்கு உள்ள வாசனைகூட அதற்கு இல்லை. ராணியம்மாளிடம் கேட்டார். விறகுக்கெல்லாம் என்னிடம் கேட்பானேன், எடுத்துக்கொண்டு போ என்றாள்.

அந்த மரத்தில் கத்தியை வைத்ததும் அவருக்குக் கொஞ்ச நேரம் பயமே மறந்துபோயிற்று. இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு மரம் அவர் கைக்கு வந்ததில்லை. நெருக்கமான மணி மணியான இழை. நெருக்கப் பல் அறுக்கிறபோது வழக்கமாக ஏழுக்கு ஒன்று முறியும். இதில் முப்பத்திரண்டு பல்லும் ஒன்றுகூட முறியாமல் நின்றன. பறவைகளின் கழுத்து முதன்முறையாகப் பறவைகளின் கழுத்தாகவே வந்தது. இதற்கு முன்னால் பார்த்தவர்கள் வாழைப்பூ என்றுதான் நினைத்தார்கள். ஆனால் வெள்ளை நிறம் காட்டிக் கொடுத்துவிடுமே. ராணியம்மாளிடம் கொதித்த டீத்தூள் தண்ணீர் வாங்கி அதில் ஊறவைத்து, பழசு போலப் பழுப்பேற்றி, புதிதாக வாங்கிய தேங்காயெண்ணெயைத் தடவினார். மூன்று நாளில் ஒரு சீப்பும் ஒரு மரவையும் தயார்.

ராணியம்மாள் எளிதில் மசியவில்லை. கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்றாள். பழையதை வேறு யாருக்குக் கொடுக்கப் போகிறாய் என்று கேட்டு, கடையில் இருந்தவர்களை எல்லாம் சிரிக்க வைத்தாள். புதியதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்த பிறகுதான் பழையதில் இருந்த சர்க்கரையைக் கொட்டினாள்.

மஞ்சுளா டீச்சரிடம், பழைய சீப்பில் பல் எண்ணிக்கை தப்பு என்று சொன்னார். சரித்திரப்படி அப்படி இருக்கக் கூடாது என்றும் சேர்த்துக்கொண்டார். டீச்சர் ஆர்வத்தோடு பையிலிருந்து நோட்டை எடுத்தார்.

"எந்தக் காலத்துச் சரித்திரம்ணா?"

"பழைய காலம் டீச்சர்."

டீச்சர் நோட்டை உள்ளே வைத்துவிட்டார். அந்தச் சீப்பு இன்னும் ஆபீஸில்தான் இருக்கிறது, நாளைக்கு வாங்கித் தருகிறேன் என்றார். அந்த நாளைக்கு வருவதற்குள் பஞ்சாட்சரம் பஸ்ஸில் எத்தனை கிலோமீட்டர் நடந்தார் என்பதற்குக் கணக்கில்லை. மறுநாள் டீச்சர் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலத்தை நீட்டினார். அவர் அதை இரண்டு விரலால் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, புதியதைக் கொடுத்தார். டீச்சருக்குப் புதியது மிகவும் பிடித்துவிட்டது.

அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அடுத்த நாள் காலை ஜமுனாமரத்தூரில் பஸ் நுழைகிறபோதே, உடுப்போடு வெற்றிவேல் ரோட்டில் நின்று கையைக் காட்டிக்கொண்டிருந்தார். ரங்கசாமி வண்டியை நிறுத்திவிட்டு, முன்கூட்டியே சொல்லி வைப்பதுபோல, "நான் மீசதான் சீவினேன்" என்று முணுமுணுத்தார். பஞ்சாட்சரம் இறங்கினார்.

வெற்றிவேல் அவர் தோளில் கையைப் போட்டு ஓரமாக அழைத்துக்கொண்டு போனார். கோடை விழாவுக்குப் பெரிய அதிகாரி வருகிறார். அவருக்கு எங்கள் ஆபீஸ் சார்பில் என்ன கொடுப்பது என்று பேசிக்கொண்டிருந்தோம். அதற்காகத்தான் பழைய சீப்பை ரேஞ்சரிடம் காட்டினேன். புதுச் சீப்பை டீச்சர் காட்டினாள். அதே மாதிரி ஒரு மரவை செய்து கொடுக்க முடியுமா என்று கேட்டார்.

"அந்தப் பழைய சீப்பு வேணாம் கண்டக்டரே, இந்தப் புது மரந்தான் நல்லா இருக்கு. அதே மரத்துல பண்ணுங்க."

பஞ்சாட்சரத்துக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு வனவர் தன் வாயால், அதே மரத்தில் செய் என்கிறார். இதைவிடப் பெரிய விடுதலைப் பத்திரம் ஏது? பிரமாதமாகச் செய்து தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, விறகுக் குவியலில் மிச்சமிருந்த துண்டுகளை எல்லாம் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

இனி மிச்சம் ஒரே வேலை. திரும்பி வந்த பழைய சீப்பையும் மரவையையும் காணாமல் ஆக்க வேண்டும். எரிப்பதில்லை என்று தீர்மானித்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும், தேவயானி பால் வாங்கப் போயிருந்த நேரத்தில் வீட்டுக்குப் பின்னால் கறிவேப்பிலைச் செடிக்குப் பக்கத்தில் முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டினார். சாமான்களை உள்ளே வைத்து மண்ணைத் தள்ளுகிறபோது பின்னால் பால் சொம்பு கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது.

தேவயானி குழியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். அந்தக் காலத்துச் சாமானெல்லாம் மண்ணுக்குள் இருந்துதான் வந்தது என்று சொல்வீர்கள், இப்போது நீங்களே உள்ளே அனுப்புகிறீர்களா என்று கேட்டாள். பஞ்சாட்சரம் அவளை உட்காரவைத்து, பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டே நடந்ததை எல்லாம் கிசுகிசுப்பாகச் சொன்னார். ஜெயிலுக்குப் போனால் அவளுடைய அண்ணனைக் கூப்பிட்டுக்கொள்ளும்படியும் சொன்னார்.

தேவயானி குழிக்குள் கையை விட்டுச் சீப்பை எடுத்தாள். மண்ணைத் தட்டி மோந்தாள். எழுந்து உள்ளே போய், சுண்டுவிரல் உயரத்தில் ஒரு கண்ணாடிக் குப்பியோடு திரும்பி வந்து, மூடியைத் திறந்து அவர் மூக்குக்குக் கீழே நீட்டினாள். அதே வாசனை.

"அத்தரு. வாணியம்பாடிலேர்ந்து எங்க அண்ணி வாங்கியாந்தது. நீங்க கடலெண்ணெய தடவி வெச்சிருந்தீங்க, சீப்பு போண்டா மாதிரி நாறுச்சு. டீச்சருக்குக் குடுக்கறீங்களேன்னு மூணுலயும் ரெண்டு ரெண்டு சொட்டு தேச்சேன். சொன்னா திட்டுவீங்கன்னு சொல்லல."

பஞ்சாட்சரம் குழியின் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பத்து நாள். பத்து நாளாக அவர் தின்ற சோறு உடம்பில் ஒட்டவில்லை, படுத்த பாய் முதுகில் ஒட்டவில்லை. முதல் நாளே இவளிடம் சொல்லியிருந்தால் ஒரு வாக்கியத்தில் முடிந்திருக்கும். திட்டலாம் என்று வாயைத் திறந்தார். சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்ததில் பூனை வந்து பாலைக் குடித்துவிட்டுப் போயிற்று.

மறுநாள் காலை சடையன் பஸ் ஏறியதும் நேராகவே கேட்டார். இந்தத் தடவை குரலை இறக்கவில்லை. சடையன்தான் பதறிப்போய் அவர் வாயைப் பொத்தினான். அது அவன் மாமனார் காலத்துப் புளியமர உரல். வெடித்துப்போய்ப் பத்து வருஷமாக மூலையில் கிடந்தது; அப்பன் வைத்த சாமான் என்று அவன் மனைவி மங்கம்மாள் தூக்கிப் போட விடவில்லை. அவள் பிறந்த வீட்டுக்குப் போயிருந்த சமயத்தில் பிளந்து சாக்கில் கட்டிக் கொண்டுவந்துவிட்டான். கரையான் தின்றுவிட்டது என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறான். கண்டக்டர் ரகசியமாகக் கூப்பிட்டுக் கேட்டதும், விஷயம் மங்கம்மாள் வரைக்கும் போய்விட்டது என்று நினைத்துத்தான் ஓடியிருக்கிறான். அவனை அவனுடைய புளிக்கூடையோடு சமாதானப்படுத்தி அனுப்பினார்.

அன்றைக்கு பஞ்சாட்சரத்தைப் பார்க்க வேண்டும். மலை வளைவுகள் எல்லாம் அவருக்காகவே வளைந்தது போல இருந்தது. சரியான டிக்கெட்டைச் சரியான ஆளுக்குக் கொடுத்தார். மதியம் நாற்பது நிமிஷமும் அதிகாரிக்கான மரவையைக் குடைந்தார். விளிம்பு பாதி வந்துவிட்டது. ரங்கசாமிக்கும் இந்த மரத்திலேயே ஒரு சீப்பு செய்து தருவதாகச் சொன்னார். அதற்குள் அவரை மன்னித்துவிட்டிருந்தார்.

சாயங்காலம் நாலு மணி வண்டி கீழே இறங்கி, சோதனைச்சாவடியில் நின்றது. கவியா என்று ஒரு பெண் புதிதாக வனக்காப்பாளராக வந்திருந்தார். பயிற்சி முடித்துச் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அதனால் எந்த மூட்டையையும் விடாமல் பார்ப்பார். பின்சீட்டில் இருந்த பலாப்பழச் சாக்கைத் தடவிப் பார்த்துவிட்டு இறங்கப்போனவரைப் பஞ்சாட்சரமே நிறுத்தினார். என் பையையும் பாருங்கள் மேடம், பத்து நாளாக உங்களுக்குப் பயந்து செருப்புக்கு லேஸ் கட்டிக்கொண்டிருந்தேன் என்று சொல்லிப் பையைத் திறந்து சீட்டில் கவிழ்த்தார். பாதி குடைந்த மரவையும் பட்டையோடு இருந்த துண்டுகளும் விழுந்தன.

கதை முழுவதையும் அங்கேயே சொன்னார். மீசையில் தொடங்கி அத்தரில் முடித்தார். பஸ்ஸே சிரித்தது. ரங்கசாமி திரும்பி உட்கார்ந்து, ஊதுவத்தியை வாழைப்பழத்தில் செருகிய இடத்தைச் சேர்த்துக்கொடுத்தார். கவியாவும் சிரித்துக்கொண்டேதான் கேட்டுக்கொண்டிருந்தார். பஞ்சாட்சரம் சீட்டில் விழுந்த துண்டுகளைக் காட்டினார்.

"ஆனா இது வேற மரம். சுத்தமா வாசன இல்லாத மரமா பாத்து எடுத்தேன். மோந்து பாருங்க மேடம், எதாவது வருதா?"

கவியா ஒரு துண்டை எடுத்து மோந்தார். இல்லை என்று தலையாட்டினார். பிறகு அதை வெளிச்சத்தில் பிடித்து, பட்டையை நகத்தால் கொஞ்சம் உரித்தார். கோடாலி பட்ட பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். இதில் செய்தது வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று கேட்டார்.

பஞ்சாட்சரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு விரல் விட்டு எண்ணினார். ராணியக்கா கடையில் ஒரு மரவை. வெற்றிவேல் சார் வீட்டில் ஒரு சீப்பு, அதை சாரே பார்த்தாகிவிட்டது. இதோ கையில் இருப்பது உங்கள் பெரிய அதிகாரிக்கே, கோடை விழாவில் கொடுக்கப் போகிறார்கள். அதே மரத்தில்தான் வேண்டும் என்று உங்கள் சாரே கேட்டார் என்றார்.

கவியா துண்டைக் கீழே வைக்கவில்லை. மற்றக் கையால் பஸ் கதவை மெதுவாகச் சாத்தினார்.

"இதுதாங்கண்ணா சந்தனம். உள்ள இருக்கிற வைரத்துக்குத்தான் வாசன, வெட்டுறவங்க செதுக்கிப் போட்டுட்டுப் போற மேல் வெள்ளைக்கு வாசனையே கெடையாது."